உழைத்தவர் பெயரும் கூலி வாங்கியவர் பெயரும்: அமெரிக்க தேசியச் சின்னங்களில் அடிமை உழைப்பைப் பதிவு செய்யும் முறை

வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிடல் எழுந்துகொண்டிருந்த 1790களின் கூலிப் பட்டியல்களில், அடிமைகளாக இருந்தவர்களுக்கான வரியில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று உழைத்தவருடையது: பீட்டர், டாம் என்று முதல் பெயர் மட்டும். இன்னொன்று பணத்தை வாங்கிக்கொண்ட உரிமையாளருடையது. அந்தக் கட்டடத்தில் அடிமை உழைப்பு இருந்தது என்பதற்கு அந்த ஒற்றை வரியே சான்று. அதில் ஒரு பெயரை மட்டும் எடுத்து மற்றதை விட்டுவிட்டால், நாம் வைக்கும் பலகை பாதி உண்மையைத்தான் சொல்லும். உழைத்தவரை மட்டும் போற்றினால் அவர் விரும்பி வந்து உழைத்தது போலத் தோன்றும். உரிமையாளரை மட்டும் சொன்னால் உழைத்தவர் மறுபடியும் காணாமல் போவார்.

பழைய அரசுக் கட்டடம், நீதிமன்றம், கோட்டை, கல்லூரி, தேவாலயம் போன்ற இடங்களில் நினைவுப் பலகையோ விளக்கப் பலகையோ வழிகாட்டி உரையோ தயாரிக்கும் பொறுப்பு உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறோம். வேலையின் பெரும் பகுதி தாள்களைத் தேடுவதிலும் சரிபார்ப்பதிலும் போகும். வெண்கலம் வார்ப்பதும் சுவரில் பொருத்துவதும் கடைசியில் வரும் சின்ன வேலை. பல குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. திறப்பு விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டு, அதற்குள் கிடைத்ததை எழுதுகிறார்கள். பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கின்றன.

எந்தத் தொடர்பு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு கட்டடத்துக்கும் அடிமை முறைக்கும் உள்ள தொடர்பு மூன்று வகையில் இருக்கலாம். அடிமைகளாக இருந்தவர்களின் கைகள் அதைக் கட்டியிருக்கலாம். அடிமை வணிகத்தில் வந்த பணம் கட்டியிருக்கலாம். கட்டி முடித்த பிறகு அவர்கள் அங்கே வேலை செய்து வாழ்ந்திருக்கலாம். பாஸ்டனின் ஃபேனியுல் ஹால் இரண்டாவது வகை: அதற்குப் பணம் கொடுத்த பீட்டர் ஃபேனியுல் அடிமை வணிகத்தில் ஈடுபட்டவர். பிலடெல்பியாவில் ஜார்ஜ் வாஷிங்டன் அதிபராகத் தங்கிய வீடு மூன்றாவது வகை: அங்கே அவர் வைத்திருந்த ஒன்பது பேரின் பெயர்களை, ஓனி ஜட்ஜ், ஹெர்குலிஸ் உள்பட, 2010இல் திறந்த நினைவிடம் சொல்கிறது. கேப்பிடலும் வெள்ளை மாளிகையும் முதல் வகை. இவற்றைக் கலந்து ‘அடிமை முறையோடு தொடர்புள்ள கட்டடம்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த வகை என்று தெரிந்தால்தான் எந்தத் தாளைத் தேடுவது என்று தெரியும்.

அடுத்தது காலம். கேப்பிடலுக்கு அடிக்கல் நாட்டியது 1793 செப்டம்பர் 18. 1814இல் பிரிட்டிஷ் படை தீ வைத்தது. மறுபடி கட்டி, கிழக்கு முகப்பை முடித்தது 1826இல். பக்கக் கட்டடங்களும் இப்போதுள்ள இரும்புக் குவிமாடமும் 1850களிலும் 1860களிலும் வந்தவை. இந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்கு எழுதிய அலுவலகம் வேறு, ஆள் எடுத்த முறை வேறு. ‘கேப்பிடலை அடிமைகள் கட்டினார்கள்’ என்ற வாக்கியத்தைச் சான்றோடு நிறுவ முடியாது. ‘வடக்குப் பகுதியின் அடித்தளம் தோண்டியவர்களில்’ என்று தொடங்கும் வாக்கியத்தை நிறுவ முடியும்.

மூன்றாவது, பொருள் எங்கிருந்து வந்தது என்பது. கல், செங்கல், மரம், சுண்ணாம்பு ஒவ்வொன்றையும் பின்னோக்கிப் பாருங்கள். கேப்பிடலுக்கும் வெள்ளை மாளிகைக்கும் போன மணற்கல், வர்ஜீனியாவின் ஸ்டாஃபோர்டு கவுன்டியில் அக்வியா ஓடையை ஒட்டிய குவாரிகளில் வெட்டியது. அங்கே ஒரு தீவை 1791இல் அரசே வாங்கியது. இப்போதும் அதற்கு கவர்ன்மென்ட் தீவு என்றே பெயர். கல்லை வெட்டி, உருட்டி, படகில் ஏற்றி பொடோமாக் ஆற்றில் அனுப்பியவர்களில் பலர் அடிமைகளாக இருந்தவர்கள். கட்டடம் நிற்கும் மனையில் மட்டும் தேடினால் குவாரியில் உழைத்தவர்கள், செங்கல் சூளையில் நின்றவர்கள், காட்டில் மரம் அறுத்தவர்கள் எல்லாரும் விடுபட்டுப் போவார்கள். ஆகவே ஒரு தாளில் பொருள்களை எழுதி, எதிரே எந்த ஊர், எந்த ஒப்பந்தக்காரர் என்று நிரப்புங்கள். தெரியாத கட்டங்களை வெறுமையாகவே விடுங்கள். அவைதான் அடுத்துத் தேட வேண்டியவை.

தாள்கள் எங்கே, எப்படி வாசிப்பது

வாஷிங்டன் நகரின் அரசுக் கட்டடங்களுக்கு, தேசிய ஆவணக் காப்பகத்தில் இரண்டு தொகுதிகளில் தொடங்குங்கள். ரெக்கார்டு குரூப் 42இல் நகரை அமைத்த ஆணையர்களின் கூட்டக் குறிப்புகளும் கடிதங்களும் இருக்கின்றன. இவற்றின் நுண்படம் (மைக்ரோஃபிலிம்) எம்371 என்ற எண்ணில் கிடைக்கும். ரெக்கார்டு குரூப் 217இல் கருவூலத்தின் கணக்குத் தீர்வுத் தாள்கள், அதாவது கூலிப் பட்டியல்களும் வவுச்சர்களும். முதலாவது தொகுதி எப்படி ஆள் எடுப்பது என்று முடிவு செய்ததைச் சொல்லும். இரண்டாவது பணம் யாருக்குப் போனது என்று சொல்லும். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் கதை முழுமையாகும்.

எடுத்துக்காட்டாக, 1792 ஏப்ரலில் ஆணையர்கள் ஒரு தீர்மானம் போட்டார்கள். நன்றாக வேலை செய்யக்கூடிய கறுப்பினத்தவரை வருடக் கணக்கில் வாடகைக்கு எடுப்பது. துணியும் ஆளுக்கு ஒரு கம்பளியும் எஜமானர் கொடுப்பது. சாப்பாட்டை ஆணையர்கள் பார்த்துக்கொள்வது. வருடத்துக்கு 21 பவுண்டு கொடுப்பது. அந்தப் பணம் எஜமானருக்கு. கட்டடத்துக்கான பணம் அரசிடமிருந்து எப்படி ஒருவரின் பைக்குள் போனது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விளக்கவுரையும் சொல்லாது.

அந்த 21 பவுண்டை டாலராக்கும்போது கவனம் வேண்டும். அன்று அங்கே வழங்கிய மேரிலாந்து நாணயக் கணக்கில் ஒரு டாலர் 7 ஷில்லிங் 6 பென்ஸ். 21 பவுண்டு என்பது 420 ஷில்லிங். வகுத்தால் 56 டாலர், மாதத்துக்கு ஏறத்தாழ 4 டாலர் 67 சென்ட். பிரிட்டிஷ் ஸ்டெர்லிங் கணக்கில் (டாலருக்கு 4 ஷில்லிங் 6 பென்ஸ்) வகுத்துவிட்டால் 93 டாலருக்கு மேல் வரும். தொகை ஒன்றரை மடங்குக்கும் மேல் ஊதிவிடும். பலகையில் இன்றைய மதிப்பு என்று ஒரு எண்ணைப் போடாமல் இருப்பது நல்லது. எந்தச் சூத்திரத்தை எடுத்தாலும் பத்து வருடத்தில் பழசாகும். தாளில் உள்ள தொகையை அப்படியே போடுங்கள்.

கோட்டைகளுக்கு ராணுவப் பொறியாளர் அலுவலகத்தின் தாள்கள் ரெக்கார்டு குரூப் 77இல் இருக்கின்றன. கல்லூரிகளுக்கு அவற்றின் சொந்தப் பேரேடுகள், தேவாலயங்களுக்கு நிர்வாகக் குழுக் குறிப்புகள். புளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் 1672இல் தொடங்கிய காஸ்டியோ தே சான் மார்கோஸ் கோட்டை போன்றவற்றுக்கு ஸ்பானிஷ் மொழி தெரிந்தவர் வேண்டும். மூலத் தாள்கள் ஸ்பெயினின் செவில்லில் இருக்கின்றன.

தாள் கையில் வந்ததும் ஒரு விரிதாள் திறந்து, ஒரு பணம் கொடுப்புக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். தேதி, தாளில் உள்ளபடி உழைத்தவர் பெயர், உரிமையாளர் பெயர், வேலை, நாள் அல்லது மாதக் கணக்கு, தொகை, பணம் பெற்றவரின் கையெழுத்தோ குறியோ, தொகுதி எண், பக்கத்தின் படக் கோப்பு. ‘தாளில் உள்ளபடி’ ஒரு நெடுவரிசையும், ‘நாம் அடையாளம் கண்டபடி’ தனியாக இன்னொரு நெடுவரிசையும் இருக்க வேண்டும். முதல் நெடுவரிசையை யாரும் எப்போதும் திருத்தக் கூடாது. எழுத்துப் பிழையையும் அப்படியே வையுங்கள்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, பணம் கொடுப்புகளை ஆட்களாக எண்ணுவது. 1795 முதல் 1801 வரை ‘நீக்ரோ ஹயர்’ (கறுப்பினத்தவரை வாடகைக்கு எடுத்தல்) என்ற தலைப்பில் உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்த பதிவுகள் 385 இருக்கின்றன. இது 385 பேர் என்று பொருள்படாது. ஒரே ஆளுக்காக ஒரே உரிமையாளர் பல தடவை பணம் வாங்கியிருப்பார். ஒரே ரசீதில் பல ஆட்களின் கூலியும் இருக்கும். ஆகவே எண்ணிக்கையைச் சொல்ல வேண்டியிருந்தால் ‘இத்தனை பதிவுகள்’ என்று எழுதுங்கள். ஆட்களின் எண்ணிக்கைக்கு, பெயரும் உரிமையாளரும் வேலையும் மூன்றும் பொருந்தினால் ஒருவர் என்று வைத்துக்கொண்டு ஒரு குறைந்தபட்ச எண்ணை எடுத்து, ‘குறைந்தது இத்தனை பேர்’ என்று சொல்லுங்கள். எல்லாத் தாளும் மிஞ்சவில்லை என்பதால் உண்மையான எண் அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

இரண்டாவது தவறு, பட்டியலில் உள்ள கறுப்பினத்தவர் எல்லாரும் அடிமைகள் என்று எடுத்துக்கொள்வது. சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவரும் வேலை செய்திருக்கிறார்கள். 1791இல் நகரின் எல்லையை அளந்த ஆண்ட்ரூ எலிகாட்டின் குழுவில் இருந்த பெஞ்சமின் பேனக்கர் பிறவியிலேயே சுதந்திர மனிதர். பணத்தை வாங்கியது யார் என்று பாருங்கள். தொழிலாளி தாமே வாங்கியிருந்தால் மேலும் தேடாமல் எந்தப் பக்கமும் முடிவு கட்டாதீர்கள். அடிமையாக இருந்தவரும் சில வேளை நேரடியாகப் பணம் பெற்றிருக்கிறார். அதைக் கீழே பார்ப்போம்.

மூன்றாவது, உரிமையாளர்களைத் தோட்ட முதலாளிகள் என்றே நினைத்துத் தேடுவது. வெள்ளை மாளிகையின் தச்சர் கூலிப் பட்டியலில் பீட்டர், பென், ஹாரி, டேனியல் என்ற பெயர்கள் வருகின்றன. அவர்களில் பெரும்பாலோரை அடிமைகளாக வைத்திருந்தவர் அந்த மாளிகையை வடிவமைத்த ஜேம்ஸ் ஹோபன். கட்டடக் கலைஞர், மேஸ்திரி, குவாரி ஒப்பந்தக்காரர், கணக்கர் ஆகிய எல்லாருடைய பெயரையும் உரிமையாளர் பட்டியலோடு ஒப்பிடுங்கள். சுற்றுலா வழிகாட்டிகள் பெருமையோடு சொல்லும் பெயர்கள் அங்கேயும் வரும்.

ஒருவரைப் பின்தொடர்வது: பிலிப் ரீட்

முதல் பெயரில் நிற்கும் ஒருவரைக் குடும்பமும் ஆயுளும் உள்ள மனிதராகத் தாள்களில் காண, உரிமையாளர் வழியாகவே போக வேண்டியிருக்கிறது. உயில், சொத்துப் பட்டியல், வரிப் பட்டியல், தப்பி ஓடியவரைத் தேடும் விளம்பரம் எல்லாம் உரிமையாளர் பெயரில்தான் இருக்கும். 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணை உண்டு. அதில் உரிமையாளரின் கீழ் வயது, பால், நிறம் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. வயதை மட்டும் வைத்து ‘இவர்தான் அவர்’ என்று முடிவுக்கு வராதீர்கள். விடுதலை பெற்றவர்கள் பெயரோடும் குடும்பத்தோடும் பரவலாகத் தெரிவது 1870 கணக்கில்தான். 1865 முதல் 1874 வரை இயங்கிய ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கணக்குத் தொடக்கப் பதிவுகளில் தாய், தந்தை, உடன்பிறந்தோர் பெயர்கூட இருக்கலாம்.

வாஷிங்டனுக்கு மட்டும் உள்ள ஒரு பெரிய திறவுகோல் 1862 ஏப்ரல் 16 சட்டம். நகரில் இருந்த அடிமைகளை விடுவித்து உரிமையாளருக்கு ஈட்டுத்தொகை கொடுத்தது அது. விடுதலையானவர்கள் ஏறத்தாழ 3,100 பேர். பணம் கேட்ட உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் தாம் வைத்திருந்தவர்களின் பெயர், வயது, உடல் அடையாளம், தொழில் திறமை, தாங்கள் எதிர்பார்க்கும் விலை ஆகியவற்றை எழுதிக் கொடுத்தார்கள். அந்த மனுக்கள் எம்520 என்ற நுண்படத்தில் இருக்கின்றன.

கேப்பிடல் மாடத்தின் உச்சியில் நிற்கும் சுதந்திரச் சிலையை வெண்கலத்தில் வார்த்தவர்களில் ஒருவரான பிலிப் ரீட் பற்றி இவ்வளவு தெரிவதற்கு அந்த மனுவும் ஒரு காரணம். அவரை அடிமையாக வைத்திருந்தவர் வார்ப்பக உரிமையாளர் கிளார்க் மில்ஸ். மில்ஸின் மனு ரீடைக் குள்ளமானவர், பார்வைக்கு எடுப்பானவர் இல்லை, ஆனால் அறிவுக் கூர்மை உள்ளவர், வார்ப்பக வேலையில் கைதேர்ந்தவர் என்று விவரிக்கிறது. சார்ல்ஸ்டனில் 1,200 டாலருக்கு வாங்கியதாகச் சொல்லி 1,500 டாலர் கேட்டார் மில்ஸ். அரசு அவருக்குக் கொடுத்தது 350 டாலர் 40 சென்ட். ரீடுக்கு எதுவும் கொடுக்கவில்லை.

ரீடின் பெயரில் ஒரு கூலிக் கணக்கும் இருக்கிறது. 1860 ஜூலை 1 முதல் 1861 மே 16 வரை, வார்ப்பு அச்சுகளின் கீழே நெருப்பு அணையாமல் பார்த்துக்கொண்டதற்காக, 33 ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நாளுக்கு 1.25 டாலர் வீதம் 41.25 டாலர். ஞாயிற்றுக்கிழமைக் கூலி மட்டும் அவர் கைக்கு வந்தது. மற்ற ஆறு நாள் கூலி மில்ஸுக்குப் போனது. அதாவது மாதக் கணக்கில் பெரும்பாலும் ஓய்வு நாளே இல்லாமல் உழைத்திருக்கிறார். ‘ரீடுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்’ என்று மட்டும் எழுதினால் எவ்வளவு பெரிய பொய்யாகும் என்பதை இந்த ஒரு கணக்கு காட்டும்.

சான்றின் தரத்தைப் பிரித்துப் பார்க்கவும் இவரே நல்ல பாடம். சிலையின் பிளாஸ்டர் மாதிரியின் துண்டுகளை எப்படிப் பிரிப்பது என்று யாருக்கும் தெரியாமல் நின்றபோது, உச்சியில் இருந்த இரும்பு வளையத்தில் கப்பியும் கயிறும் மாட்டி மெதுவாகத் தூக்கி, இணைப்புகள் தெரியும்படி செய்தவர் ரீட் என்று ஒரு செய்தி உண்டு. அது மில்ஸின் மகன் 1869இல் சொன்னது. நம்பத் தகுந்ததுதான், பலகையில் போடலாம். ஆனால் கூலிக் கணக்கை நேரடி வாக்கியமாகவும், இதை ‘மில்ஸின் மகன் பின்னாளில் சொன்னபடி’ என்றும் எழுத வேண்டும். அன்றைய கணக்குத் தாள், அன்றைய கடிதம், பின்னாளைய நினைவு, குடும்பத்தில் வழங்கும் செய்தி, ஊர்ப் பேச்சு என்று ஐந்து தரம் வைத்து, விரிதாளில் ஒவ்வொரு வரிக்கும் தரத்தைக் குறியுங்கள். குடும்பச் செய்தியைத் தள்ளிவிடாதீர்கள். எழுதப் படிக்கத் தடை செய்யப்பட்டவர்களின் வரலாறு பெரும்பாலும் அந்த வழியாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

பெயரின் எழுத்துக்கூட்டும் மாறும். அடிமையாக இருந்த காலத்துத் தாள்களில் ரீடின் பெயர் ஆர்-இ-ஐ-டி. விடுதலைக்குப் பிறகு ஆர்-இ-இ-டி. ஒருவர் தமக்கென வைத்துக்கொண்ட எழுத்துக்கூட்டு தெரிந்தால் அதையும் பலகையில் சேருங்கள்.

வாசகத்துக்கு முன் வழித்தோன்றல்கள்

பெயர்கள் ஓரளவு தெளிந்ததும், வாசகத்தில் ஒரு வரிகூட எழுதுவதற்கு முன், வழித்தோன்றல்களைத் தேடுங்கள். அந்தப் பகுதியின் பழைய கறுப்பினத் தேவாலயங்கள், கல்லறைப் பாதுகாப்புக் குழுக்கள், வம்சாவளி ஆய்வுச் சங்கங்கள் ஆகியவற்றிடம் உரிமையாளர்களின் குடும்பப் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால் தொடர்புகள் கிடைக்கும். ஜேம்ஸ் மேடிசனின் மான்ட்பெலியர் தோட்டத்தில் 2018இல் கூடிய குழு, வழித்தோன்றல்களோடு எப்படிச் சேர்ந்து செயல்படுவது என்று மதிப்பெண் முறையிலான வழிமுறை ஒன்றை வெளியிட்டது. அதை அச்செடுத்து முதல் கூட்டத்திலேயே மேசையில் வையுங்கள்.

அவர்களுக்குக் கருத்துச் சொல்லும் உரிமை மட்டும் போதாது. வாசகத்தை நிறுத்தும் உரிமையும் வேண்டும். அது எழுத்தில் இருக்க வேண்டும். அவர்கள் செலவிடும் நேரத்துக்கு ஆலோசகருக்குக் கொடுப்பது போலப் பணம் கொடுங்கள். கூலியில்லா உழைப்பைப் பற்றிய வேலையில் அந்த மக்களின் பேரப்பிள்ளைகளைக் கூலியில்லாமல் உழைக்க வைப்பது அநியாயம். உயிரோடு இருப்பவர்களின் பெயரையோ முகவரியையோ எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் எங்கும் வெளியிடாதீர்கள்.

வாசகம்

ஜார்ஜ் வாஷிங்டனின் தோட்டமான மவுன்ட் வெர்னனில், அடிமைகளாக இருந்தவர்களின் கல்லறைத் தோட்டத்தில் 1929இல் ஒரு கல் வைத்தார்கள். வாஷிங்டன் குடும்பத்தின் ‘விசுவாசமான’ பணியாளர்கள் என்று அது சொல்கிறது. அடிமைகள் என்ற சொல் அதில் இல்லை. 1983இல் அதே இடத்தில் ஹோவர்டு பல்கலைக்கழக மாணவர்கள் வடிவமைத்த நினைவுச்சின்னம் வந்தபோதுதான் அந்தச் சொல் வந்தது. இரண்டும் இன்று அருகருகே இருக்கின்றன. முதல் கல்லில் உள்ள பிழை தகவலில் இல்லை, யாருடைய மனநிறைவுக்காக எழுதினார்கள் என்பதில் இருக்கிறது. ‘விசுவாசம்’, ‘பங்களிப்பு’, ‘தியாகம்’, ‘அர்ப்பணிப்பு’ போன்ற சொற்கள் உங்கள் வரைவில் இருந்தால் அடித்துவிடுங்கள். பங்களிப்பு என்பது தானாகக் கொடுப்பது. இவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

கேப்பிடலின் எமன்சிபேஷன் மண்டபத்தில் 2012 பிப்ரவரி 28 அன்று திறந்த நினைவுக் கல்லையும் பாருங்கள். பழைய கிழக்கு முகப்பில் இருந்து எடுத்த அக்வியா மணற்கல்லே அதில் இருக்கிறது. கைவேலையின் உளித் தடங்களைக் கண்ணால் காணலாம். கல்லை வெட்டியவர்களில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்க அமெரிக்கர்களும் உண்டு என்று வாசகம் சொல்கிறது. அந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தது மிகச் சிறந்த முடிவு. வாசகமும் சரியானது. ஆனால் அதில் ஒரு தொழிலாளியின் பெயரும் இல்லை, ஒரு உரிமையாளரின் பெயரும் இல்லை, பணம் எங்கே போனது என்பதும் இல்லை. கூலிப் பட்டியல்கள் கையில் இருக்கும்போது இதைவிடக் கூடுதலாகச் சொல்ல முடியும்.

வெண்கலப் பலகைக்கு 75 சொல்லுக்குள், நின்று வாசிக்கும் விளக்கப் பலகைக்கு 150 சொல்லுக்குள் முடியுங்கள். யார், யாருடைய பிடியில், என்ன வேலை, எப்போது முதல் எப்போது வரை, பணம் யாருக்கு என்ற ஐந்தும் இருக்க வேண்டும். வாக்கியங்கள் செய்வினையில் இருக்கட்டும். ‘கல் வெட்டப்பட்டது’ என்றால் வெட்டியவர் மறைகிறார். ‘ஆட்கள் வாடகைக்கு எடுக்கப்பட்டார்கள்’ என்றால் எடுத்தவர் மறைகிறார். ரீடுக்கு ஒரு பலகை வைத்தால் அதன் சாரம் இப்படி இருக்கலாம்:

‘பிலிப் ரீட் இந்தச் சிலையை வெண்கலத்தில் வார்த்தவர்களில் ஒருவர். கிளார்க் மில்ஸ் அவரை அடிமையாக வைத்திருந்தார். 1860 ஜூலை முதல் 1861 மே வரை 33 ஞாயிற்றுக்கிழமைகள் வார்ப்பு அச்சுகளின் நெருப்பைக் காத்ததற்காக அரசு ரீடுக்கு 41.25 டாலர் கொடுத்தது. மற்ற நாட்களின் கூலியை மில்ஸ் வாங்கிக்கொண்டார். 1862 ஏப்ரல் 16 சட்டத்தால் ரீட் விடுதலை பெற்றார். 1863 டிசம்பர் 2 அன்று சிலை உச்சியில் ஏறியது.’

உரையில் உணர்ச்சிச் சொல் ஒன்றும் இல்லை. தேதிகளே போதும்.

பெயர் தெரியாதவர்களை ‘மற்றும் பலர்’ என்று முடித்துவிடாதீர்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2020இல் கட்டி முடித்த நினைவிடம் இதற்கு நல்ல வழி காட்டுகிறது. வட்டமான கருங்கல் சுவர், விட்டம் 80 அடி, பல்கலைக்கழகத்தின் ரோட்டண்டா என்ற வட்டக் கட்டடத்தின் குவிமாடத்தின் அளவுக்கு ஒத்தது. அங்கே உழைத்த ஏறத்தாழ 4,000 பேருக்கும் ஆளுக்கொரு கீறல் கல்லில் இருக்கிறது. பெயர் தெரிந்தால் கீறலுக்கு மேல் பெயர். உறவோ தொழிலோ மட்டும் தெரிந்தால் அது. எதுவும் தெரியாவிட்டால் கீறல் மட்டும். நாளை ஒரு பெயர் கிடைத்தால் செதுக்க இடம் இருக்கிறது. சின்னப் பலகையிலும் இதைச் செய்யலாம்: பெயர் வரிசையில் காலியிடங்களை விட்டு, அவை ஏன் காலி என்று ஒரு வரி எழுதுங்கள்.

அனுமதி

வாஷிங்டனில் தேசியப் பூங்கா சேவையின் நிலத்திலோ அரசுக் கட்டடங்களை நிர்வகிக்கும் ஜெனரல் சர்வீசஸ் அட்மினிஸ்ட்ரேஷனின் நிலத்திலோ வெளியே நிரந்தர நினைவுச்சின்னம் வைக்க 1986ஆம் ஆண்டின் நினைவுப் பணிகள் சட்டம் பொருந்தும். நாடாளுமன்றமே தனிச் சட்டத்தால் அனுமதிக்க வேண்டும். பிறகு ஏழு வருடத்துக்குள் வேலை தொடங்கும் நிலைக்கு வர வேண்டும். கட்டுமானச் செலவில் பத்து சதவீதத்தைப் பராமரிப்புக்கு எனச் செலுத்த வேண்டும். கட்டடத்தின் உள்ளே வைப்பவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. விளக்கப் பலகை இந்தச் சட்டப்படி நினைவுச்சின்னமா இல்லையா என்பதை நில நிர்வாகியிடம் எழுத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். 2021 ஜூலையில் வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபயெட் பூங்காவில் வந்த விளக்கப் பலகைகளில் ஒன்று அடிமை உழைப்பைப் பற்றியது. நினைவுச்சின்னத்தைவிட இந்த வழி எளிது. கேப்பிடல் வளாகம் இதற்கு வெளியே, நாடாளுமன்றத்தின் நேரடிப் பொறுப்பில் இருக்கிறது.

மற்ற மாநிலங்களில், கூட்டாட்சிப் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்டால் 1966ஆம் ஆண்டின் வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவு ஆய்வு, அதாவது பழைய கட்டடத்துக்குப் பாதிப்பு உண்டா என்று பார்க்கும் ஆய்வு வரும். மாநிலப் பாதுகாப்பு அலுவலருக்கு வரைபடம், பொருத்தும் முறை, சுவரின் புகைப்படம் மூன்றையும் ஆரம்பத்திலேயே அனுப்புங்கள்.

பலகையும் பொருத்துதலும்

சாய்வான விளக்கப் பலகைக்குத் தேசியப் பூங்கா சேவையின் வழக்கமான அளவு 24 x 36 அங்குலம், 30 டிகிரி சாய்வு, முன் விளிம்பு தரையிலிருந்து சுமார் 32 அங்குலம். சக்கர நாற்காலி நிற்க 30 x 48 அங்குல சமதளம் வேண்டும். சுவரில் மாட்டினால், தரையிலிருந்து 27 அங்குலத்துக்கும் 80 அங்குலத்துக்கும் இடையே 4 அங்குலத்துக்கு மேல் வெளியே நீட்டக் கூடாது. கைத்தடியோடு வரும் பார்வையற்றவர் மோதிக்கொள்வார். முக்கிய உரையின் எழுத்து அளவு 24 புள்ளிக்கு (பாயின்ட்) குறையக் கூடாது.

பழைய மணற்கல் மென்மையானது. அக்வியா கல் மழையில் அரிக்கும். ஆகவே கல்லில் துளை போடாதீர்கள். சாந்து இணைப்பில் துளையிட்டு, 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணியைப் பயன்படுத்துங்கள். சாதாரண இரும்பு துருப்பிடித்து உப்பி, சுற்றியுள்ள கல்லைப் பிளக்கும். துளையைச் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். சிமென்ட் கல்லைவிடக் கெட்டியாகி விளிம்பை உடைக்கும். வெளிச்சுவரில் வெண்கலம் வைத்தால் மழைநீர் வழிந்து வெளிர் நிறக் கல்லில் பச்சைக் கறை விழும். வருடத்துக்கு ஒரு தடவை மெழுகு பூச ஆள் இல்லாவிட்டால், சுவரை விட்டுத் தனிக் காலில் நிறுத்துவதே மேல்.

வார்ப்பதற்கு முன் முழு அளவில் காகிதத்தில் அச்செடுத்து, வைக்கப்போகும் இடத்திலேயே ஒட்டி, ஆறடி தள்ளி நின்று வாசித்துப் பாருங்கள். பெயர்களை இருவர் சேர்ந்து, ஒருவர் மூலத் தாளின் படத்திலிருந்து எழுத்தெழுத்தாகச் சொல்ல மற்றவர் அச்சில் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். தட்டச்சு செய்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தால் அதில் உள்ள பிழை வெண்கலத்துக்குப் போய்விடும்.

இடம் முக்கியம். எல்லாரும் நுழையும் வாசலில், கட்டடக் கலைஞரின் பெயர் இருக்கும் அதே உயரத்தில், அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். கழிவறைக்குப் போகும் வழியில் கிடைத்த சுவருக்குச் சம்மதிக்காதீர்கள்.

திறந்த பிறகு

வழிகாட்டிகளின் உரையில் இந்தச் செய்தி முதல் ஐந்து நிமிடத்துக்குள் வர வேண்டும். ‘யாராவது கேட்டால் சொல்லலாம்’ என்று விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். கல்லைப் பற்றிச் சொல்லும் வாக்கியத்திலேயே வெட்டியவரைச் சேர்த்துவிடுங்கள். ‘அவர்களை நன்றாக நடத்தினார்களா’ என்ற கேள்வி அடிக்கடி வரும். அதற்குக் கம்பளி, சாப்பாடு, 21 பவுண்டு என்ற தீர்மானத்தையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே எந்தத் தாள், எந்தப் பக்கம் என்று குறித்த சான்றுக் கோப்பு ஒன்றைத் தயாரியுங்கள். ஒரு படி கட்டட அலுவலகத்தில், ஒன்று உள்ளூர் நூலகத்தில், ஒன்று வழித்தோன்றல்களின் அமைப்பிடம், ஒன்று அரசுக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கட்டும். 2025 மார்ச்சில் வந்த அதிபர் ஆணையை ஒட்டி, தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் இன்டீரியர் துறையின் கீழ் உள்ள பூங்காக்களின் பலகைகள் மறுஆய்வுக்கு உள்ளாயின. பலகையை யார் கேள்வி கேட்டாலும் அன்றே பதில் சொல்லக் கோப்பு தயாராக இருக்க வேண்டும். பலகையே போனாலும் பெயர்கள் வேறிடத்தில் இருக்க வேண்டும்.

புதுப் பெயரோ திருத்தமோ வந்தால் யாரிடம் கொடுப்பது என்பதைப் பலகையின் கீழே ஒரு அலுவலகப் பதவியின் பெயரில் போடுங்கள். ஆளின் பெயர் வேண்டாம், ஆட்கள் மாறுவார்கள். வருடத்துக்கு ஒரு தடவை குழு கூடி, வந்த திருத்தங்களைப் பார்த்து, காலியிடத்தில் செதுக்க வேண்டிய பெயர்களை முடிவு செய்து, விரிதாளின் புதிய பதிப்பை நான்கு இடங்களுக்கும் அனுப்ப வேண்டும்.